ஆடுவார் பெண்கள், ஆட்டுவிப்பார் யார்?

மேனாட்டு நாட்டியங்களுள் தலைசிறந்ததென மதிக்கப்படுவது பாலே. அதனைக் காணச் செல்வோர் முதலிற் காண்பது பெண்களையே. வெண்ணிற உடையுடுத்துக் கால்விரல் நுனியில் நின்று, பலரும் ஓருருவாய் அசையும் அன்னக் கூட்டத்தைக் கண்டு வியவாதார் இலர். ஆனால், நிகழ்ச்சித் தாளைக் கையிலெடுத்து, ‘இவ்வாடலை அமைத்தவர்’ என்ற வரியைச் சற்று நோக்குங்கள். பெரும்பாலும் அங்கே காணப்படுவது ஓர் ஆடவர் பெயராகவே இருக்கும். அடி வைப்பவள் பெண். எவ்வடியை எங்கே வைப்பதென்று விதிப்பவன் ஆண். இஃது இயற்கையின் ஏற்பாடா, மனிதரின் ஏற்பாடா என்பதே நாம் இன்று ஆராயப் புகுந்த பொருள்.

இதனை வெறும் பெயர்ச் சண்டையென்று எவரும் தள்ளிவிட வேண்டா. இது சோற்றுக் கேள்வியுமாகும். பாலே ஆடுவோரின் உடல் முப்பது முப்பத்தைந்து வயதிற்குமேல் தளரத் தொடங்குகிறது. பாரிஸ் ஆபெராவில் ஆடுவோர் 42 வயதில் ஓய்வு பெறுகின்றனர். ஆடலை அமைப்பவருக்கோ அத்தகைய எல்லை யாதொன்றுமில்லை. மாரியஸ் பெட்டிப்பா ‘உறங்கும் அழகி’யை 1890-ஆம் ஆண்டில் மேடையேற்றியபொழுது எழுபது வயதைக் கடந்திருந்தார். அமைத்தவருக்குத் தம் ஆடல் மீண்டும் மேடையேறும்போது உரிமைத்தொகையும் கிட்டும், புகழும் நிலைக்கும். ஆதலின், அமைக்கும் தொழிலிலிருந்து பெண்ணை விலக்குவதென்பது, இளமையில் அவளது உழைப்பைக் கொண்டு, முதுமையில் அவளை வெறுங்கையளாக விடுவதன்றி வேறென்ன?

இதற்கு மூவகைச் சமாதானங்களைக் கேட்டிருக்கிறோம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, பெண்ணுக்குக் கற்பனை வன்மை போதாது என்பது. இங்ஙனம் கூறுவோர் பாலேயின் வரலாற்றைப் படித்திலர். 1734-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் மரி சல்லே என்னும் நங்கை, ‘பிக்மேலியன்’ என்னும் ஆடலைத் தாமே அமைத்துத் தாமே ஆடினார். அக்காலத்துப் பெண்கள் மேடையில் சுமந்த கூண்டுப் பாவாடையை வீசியெறிந்து, மெல்லிய மஸ்லின் உடையும் விரித்த கூந்தலுமாக வந்தார். ஆடலில் உணர்ச்சியும் கதையும் இடம்பெற வேண்டுமென்று நூவேர் நூல் எழுதியது 1760-இல். நூல் எழுதியவர் பெயர் இன்றும் வாழ்கிறது. கால் நூற்றாண்டுக்கு முன்னரே செய்து காட்டியவள் பெயரை அறிவார் எத்துணைப் பேர்?

இன்னும் கேண்மின். 1923-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் பாரிஸ் நகரில் பிரோனிஸ்லாவா நிஜின்ஸ்கா, ஸ்த்ராவின்ஸ்கியின் இசைக்கு ‘திருமணம்’ என்னும் ஆடலை அமைத்து அரங்கேற்றினார். உருசிய நாட்டுப்புறத் திருமணம் அது. ஓவியர் முதலில் வண்ணப் பகட்டான உடைகளை வரைந்து தந்தார். அம்மையார் அவற்றை மறுத்து, பழுப்பும் வெண்மையுமான எளிய உடையே வேண்டுமென்று வாங்கிக்கொண்டார். ஏன்? தன் விருப்பம் கேளாமல் தன்னைக் கைமாற்றும் சடங்கில் நிற்கும் மணப்பெண்ணின் உள்ளத்தை அவர் காட்ட விரும்பினார். அங்கே பட்டுக்கும் பூவுக்கும் என்ன வேலை? நூறாண்டு கடந்தும் அவ்வாடல் ஆடப்பெற்று வருகிறது. எனினும் நிஜின்ஸ்கி என்றதும் உலகம் நினைப்பது அவருடைய தமையனைத்தான். கற்பனை போதாமையா இது? அன்று, நினைவு போதாமை.

இரண்டாவது சமாதானம் சற்றுச் சாமர்த்தியமானது. ‘பாலே நிலையங்களை நிறுவியவர்களே பெண்களாயிற்றே! அவர்களை யார் தடுத்தார்?’ என்பர். உண்மை, நிறுவினார்கள். ஆனால், நிறுவியவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டாவா? இங்கிலாந்தில் மரி ராம்பெர்ட் அம்மையார், 1926-இல் பிரெடரிக் ஆஷ்டன் என்னும் இளைஞரை முதன்முதலாக ஓர் ஆடல் அமைக்கச் செய்தார். நினெட் தெ வால்வா அம்மையார் தாமே ‘ஜோப்’, ‘செக்மேட்’ முதலிய ஆடல்களை அமைத்தவர்; 1931-இல் அவர் தொடங்கிய குழுவே பின்னர் இராயல் பாலே ஆயிற்று. அவரும் 1935-இல் ஆஷ்டனை அழைத்து அமைப்பாளர் பொறுப்பில் அமர்த்தினார்.

நம் சிங்கப்பூரின் கதையும் இதனோடு ஒத்ததே. இங்குப் பிறந்த கோ சூ சான் ஆம்ஸ்டர்டாம் சென்று ஆடிப் பழகினார். 1976-இல் அமெரிக்கத் தலைநகரில் வாஷிங்டன் பாலேயைத் தொடங்கிய மேரி டே அம்மையார் அவருக்குக் குழுவையும் மேடையையும் அளித்தார். அதன் பயனாக, 1981-இல் பரிஷ்னிக்கோவ் ஆடுவதற்கென ஆடலமைக்கும் உயரத்தை அவர் எட்டினார். 1987-இல் 39 வயதில் மறைந்த அக்கலைஞரைப் பற்றி நாம் பெருமை கொள்ளுகிறோம்.

இவ்வாடவர்தம் திறமையை நாம் குறைத்துரைப்பவரல்லோம். ஆஷ்டனோ நன்றி மறவாதவர். இளமையில் நிஜின்ஸ்காவின் கீழ் ஆடியவர். தாம் இராயல் பாலேக்குத் தலைவரானதும், மறக்கப்பட்டிருந்த அவ்வம்மையாரை அழைத்து, 1964-இலும் 1966-இலும் அவருடைய ஆடல்களை மீண்டும் மேடையேற்றினார். நாம் வற்புறுத்துவது ஒன்றே: திறமை தானே முளைப்பதன்று, ஒருவர் மேடை கொடுத்தால் வளர்வது. ஆடவருக்கு மேடை கொடுத்த பெண்கள் இத்தனை பேர். பெண்களுக்கு மேடை கொடுத்தவர்கள் எத்தனை பேர்?

மூன்றாவது, ‘சீட்டு விற்க வேண்டுமே!’ என்னும் வாணிகச் சமாதானம். பெண் அமைத்த புதிய ஆடலுக்குக் கூட்டம் வாராதாம்! தமரா ரோஹோ என்னும் ஸ்பானிய நடனமாது, தம் இருபதாண்டு ஆடல் வாழ்வில் ஒரு பெண் அமைத்த பாலேயில் தாம் ஆடியதே இல்லையென்று வெளிப்படையாகக் கூறினார். கூறியதோடு நில்லாது, தாம் தலைமை வகித்த ஆங்கில தேசிய பாலேயில் 2016-இல் மூன்று பெண்கள் அமைத்த மூன்று ஆடல்களை ஒரே நிகழ்ச்சியாக மேடையேற்றினார். மறு ஆண்டு, 2017-இல், இராயல் பாலேயின் பெரிய மேடைக்குக் கிரிஸ்டல் பைட் ஓர் ஆடல் அமைத்தார். அம்மேடைக்கென ஒரு பெண் புதிதாக ஆடலமைத்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன! ஊரிழந்து நடக்கும் அகதிகளைப் பற்றிய அவ்வாடலுக்கு 2018-இல் ஒலிவியர் பரிசும் கிடைத்தது. பதினெட்டு ஆண்டுகள் கடையைத் திறவாதிருந்துவிட்டு, ‘சரக்குக்குக் கிராக்கி இல்லை’ என்று சொல்வது எவ்வூர் வாணிகம்?

அங்ஙனமாயின் மெய்க்காரணம் யாது? பாலேப் பள்ளியொன்றின் வாயிலில் ஒரு மாலைப்பொழுது நின்று பாருங்கள், விளங்கிவிடும். உள்ளே செல்லும் பெண்பிள்ளைகள் பலர். பையன்கள் மிகச் சிலர். சிலராயிருப்பதால் பையனுக்கு அருமை அதிகம். அவன் கேள்வி கேட்டால் கூரிய அறிவென்பர்; தானே ஓர் அடியைப் புனைந்தால் தட்டிக்கொடுப்பர். பெண்ணுக்கோ அவள் இடத்திற்குப் பலர் காத்திருக்கின்றனர். அடுத்தவளைப்போலவே கையை உயர்த்துவதும், வாய் திறவாதிருப்பதுமே அவளுக்குப் பாடம். அன்னக் கூட்டத்தில் ஓர் அன்னம் தனித்துத் தெரிந்தால் அது குற்றம். பத்தாண்டுகள் இவ்வாறு பழக்கிவிட்டு, ‘புதுமை செய், ஏன் செய்யவில்லை?’ என்று கேட்பது, வாயைக் கட்டிவிட்டுப் பாடச் சொல்வதை ஒக்கும். மேலும், ஆடவன் அமைத்த ஆடல் தோற்றால் ‘இளைஞன், அடுத்த முறை தேறுவான்’ என்பர். பெண் அமைத்தது தோற்றாலோ ‘பெண்களே இப்படித்தான்’ என்பர். ஒருத்தியின் தோல்வியை எல்லாப் பெண்கள் தலையிலும் கட்டும் நீதி இது!

மேனாட்டாரைக் குறை கூறும்போது நம் வீட்டையும் திரும்பிப் பார்த்தல் நேர்மை. நம் பரதத்தில் ஆடியவர் பெண்கள். தாளங்கொண்டு ஆட்டுவித்த நட்டுவனார் பெரும்பாலும் ஆடவரே. அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்தவரிடம் பாலே பயின்று பின்னர்ப் பரதத்தின் பக்கம் திரும்பிய ருக்மிணி தேவி, 1936-இல் கலாக்ஷேத்திரம் கண்டு, 1944 முதல் நாட்டிய நாடகங்களைத் தாமே அமைத்தார். பெண்ணால் ஆகுமா என்னும் கேள்விக்கு நம்மவரிடையேயும் விடை பிறந்து எண்பதாண்டுகள் கடந்துவிட்டன.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. பெண்பிள்ளைகளுக்கு அடி பயிற்றும் அன்றே அடி புனையவும் பயிற்றுவிக்க வேண்டும். குழுக்கள், ஆடும் பெண்களுக்கு ஆடலமைத்துப் பார்க்க நேரமும் கூடமும் ஒதுக்கித் தர வேண்டும். ஒருமுறை தோற்றவளுக்கு, ஆடவனுக்குத் தருவது போலவே மறுமுறையும் மேடை தர வேண்டும். இவை சலுகைகளல்ல, மறுக்கப்பட்ட நியாயங்கள்.

இங்கே 1988-இல், இன்று சிங்கப்பூர் பாலே எனப் பெயர் பூண்ட குழுவை நிறுவிய இருவருள் ஒருவர், கோ சூ சானின் தமக்கையாராகிய கோ சூ கிம் அம்மையார். இவ்வூரிலும் மலேசியாவிலும் தம் பெண்களை நடன வகுப்பிற்கு அனுப்பும் பெற்றோர்களே! மகள் எத்தனை பதக்கம் பெற்றாள் என்று மட்டும் ஆசிரியரிடம் கேளாதீர்கள். ‘இவ்வாண்டு அவள் தானாக அமைத்தது என்ன?’ என்றும் கேளுங்கள். பெற்றோர் பத்துப் பேர் இதனை விடாது கேட்பாராயின், பதினோராம் பெற்றோர் கேட்குமுன் வகுப்பில் அதற்கொரு மணி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கும்.