போற்றியது போதும், பங்கிடுங்கள்

மத்திய புள்ளியியல் அமைச்சகம் 2024-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, நம் வீடுகளுக்குள் நடப்பதை நிமிடக் கணக்கில் சொல்கிறது. கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். 2019-ல் இந்தக் கணக்கு முறையே 299, 97 ஆக இருந்தது. ஐந்து ஆண்டுகளில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் மிச்சமாகியிருக்கிறது. ஆணின் பங்கு கூடியதாலா என்றால் அதுவும் இல்லை. அவர் தரப்பிலும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. அதிலும், வீட்டுவேலையில் கைவைத்த ஆண்களே 2019 கணக்கின்படி நூற்றுக்கு 26 பேர்தான்.

இந்த ஏற்றத்தாழ்வைக் காலங்காலமாக வந்த வழக்கம் என்று சொல்லி விட்டுவிட முடியாது. அது அன்றாடம் கற்பிக்கப்படுகிறது. மாலையில் தொலைக்காட்சியைப் போட்டு, விளம்பர இடைவேளையை மட்டும் கவனித்துப் பாருங்கள். சேற்றில் புரண்டு வரும் பையனின் சட்டையைப் பார்த்துச் சிரித்தபடியே சோப்புத்தூளை எடுக்கிறார் அம்மா. கணவரின் இதயத்துக்கு எந்த எண்ணெய் நல்லது என்று மனைவி கவலைப்படுகிறார். சாம்பாரை ருசித்த மாமியாரின் முகம் மலர, பரீட்சையில் தேறியதுபோல் பூரிக்கிறார் மருமகள். கழிப்பறை எப்படிப் பளிச்சிடும் என்று விளக்க மட்டும் ஓர் ஆண் கதவைத் தட்டுகிறார். கழுவ வேண்டியவர் என்னவோ அந்த வீட்டுப் பெண்தான்.

விளம்பரம் முடிந்து தொடர் தொடங்கினாலும் காட்சி மாறுவதில்லை. விடியுமுன் எழுந்து கோலம் போட்டு, காபி கலந்து, எல்லார் ஏச்சையும் பொறுத்துக்கொள்பவர் நாயகி. உதட்டுச்சாயம் பூசி, எதிர்த்துக் கேள்வி கேட்பவர் வில்லி. இதை உடைக்க வந்த தொடர்களும் தப்பவில்லை. 2022-ல் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’, படித்த மருமகள்களை அடுப்படியில் முடக்கும் ஒரு குடும்பத்தை விமர்சித்த தொடர். ஆனால், அந்த மருமகள்களின் எதிர்ப்பைவிட, அவர்களை அதட்டும் ஆதி குணசேகரன் என்ற பாத்திரத்தின் வசனங்களே மீம்களாகப் பரவின, ரசிக்கப்பட்டன. கண்டிக்க வேண்டியதைக்கூடக் கைதட்டி ரசிக்கும் அளவுக்கு நமக்குப் பழக்கம் ஏறியிருக்கிறது.

அச்சு ஊடகமும் இதற்கு விலக்கல்ல. மார்ச் 8 வந்தால், வீட்டையும் வேலையையும் ஒருசேரச் சுமக்கும் பெண்களைத் தேடிப்பிடித்துச் ‘சாதனைப் பெண்’ என்று பக்கம் பக்கமாகப் போற்றுகிறோம். பேட்டி கொடுக்கும் பெண் ஆட்சியரிடம் “குடும்பத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?” என்று கேட்காமல் விடுவதில்லை. ஆண் ஆட்சியரிடம் அந்தக் கேள்வி போவதே இல்லை. மறுபுறம், பாத்திரம் தேய்க்கும் கணவரும் பூரிக்கட்டை ஏந்திய மனைவியும் பல தலைமுறைகளாக நம் வார இதழ்களின் நகைச்சுவைத் துணுக்குகள். அதே சரக்கு பண்டிகை நாள் பட்டிமன்றங்களிலும் விலைபோகிறது. சுமப்பவருக்குப் பட்டம், பங்கிட்டுக்கொள்பவருக்குக் கேலி. சுமை கைமாறாமல் இருக்க இந்த இரண்டும் போதும்.

“சமூகத்தில் இருப்பதைத்தானே காட்டுகிறோம்” என்பது தயாரிப்பாளர்களின் வாடிக்கையான பதில். இது உண்மையல்ல. இந்தியாவின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்களிலும் ஸ்ரீபெரும்புதூரின் செல்பேசி ஆலைகளிலும் ஷிப்ட் பார்த்துவிட்டு, கம்பெனி வேனில் வந்து இறங்கி, நேரே அடுப்படிக்குப் போகும் அந்தப் பெண்கள் எத்தனை தொடர்களில் நாயகிகள்? இருப்பதைக் காட்டுவதென்றால் முதலில் அவர்களைக் காட்டியிருக்க வேண்டும்.

“சமைப்பது பெண்ணின் இயல்பு, அது அன்பின் வெளிப்பாடு” என்போரும் உண்டு. கல்யாண வீட்டுச் சமையல் மாஸ்டர் யார்? பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர் யார்? பெரும்பாலும் ஆண்களே. சம்பளம் உண்டென்றால் ஆணின் தொழில், இல்லையென்றால் பெண்ணின் இயல்பு என்பது எந்த ஊர் நியாயம்?

வீட்டுவேலைக்கு மதிப்பு உண்டு என்பதை நீதிமன்றங்கள் தெளிவாகவே சொல்லிவிட்டன. இல்லத்தரசியின் உழைப்புக்கு வருமான மதிப்பு நிர்ணயித்தே விபத்து இழப்பீடு கணக்கிட வேண்டும் என்பதை 2021-ல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. கணவர் பெயரில் வாங்கிய சொத்திலும் வீட்டைக் கவனித்த மனைவிக்குச் சம பங்கு உண்டு என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இன்னும் ஒருபடி மேலே போனது. வேலைக்குக் கிளம்பும் தாய்மாரின் காலைநேரச் சுமையில் ஒரு பகுதியை அது வீட்டிலிருந்து பள்ளிக்கு மாற்றியது. அங்கே சமைக்கும் சுயஉதவிக் குழுப் பெண்களுக்கு அதற்கு ஊதியமும் உண்டு. ஆனால், அரசு சுமக்கும் பங்கு கூடினாலும், வீட்டிலிருக்கும் ஆணின் பங்கு அசையவில்லை. அசைக்க வேண்டிய இடம் மனம். அதைத் தினமும் வடிப்பவை ஊடகமும் பாடநூலும்.

ஊடகத்தைத் திருத்தப் புதுச் சட்டம் தேவையில்லை. பெண்ணை அடங்கி நடப்பவளாகவும், குடும்பத்திலும் சமூகத்திலும் இரண்டாம் இடத்துக்குரியவளாகவும் காட்டும் விளம்பரங்கள் கூடாது என்று 1994-ம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளே சொல்கின்றன. முப்பது ஆண்டுகளாக அந்த விதி ஏட்டில் உறங்குகிறது. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலும் 2022-ல் பாலின வார்ப்புகளுக்கு எதிராக வழிகாட்டு நெறிகளை வகுத்தது. பிரிட்டனில் இத்தகைய நெறி 2019 ஜூனில் நடைமுறைக்கு வந்தது; ஆகஸ்டிலேயே இரண்டு விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. அவற்றில் ஒன்று, குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவர்களாகத் தந்தையரைக் காட்டியது. ஆணைக் கையாலாகாதவராகக் காட்டுவதும் பெண்ணின் தலையில் வேலையைக் கட்டும் வழிதான் என்பதை அந்நாட்டு விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு புரிந்துகொண்டது. நம் அமைப்புகளும் தமிழ் விளம்பரங்களை அதே கண்ணோடு பார்க்க வேண்டும். பார்வையாளர்களும் தொடர்களைப் பற்றிய புகார்களை ஒளிபரப்பு உள்ளடக்கப் புகார் கவுன்சிலுக்கு அனுப்பத் தயங்கக் கூடாது.

பாடநூல்களில் அண்டை மாநிலமே வழிகாட்டுகிறது. கேரளம் 2024-ல் வெளியிட்ட மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா தேங்காய் துருவுகிறார். மகாராஷ்டிரத்தின் இரண்டாம் வகுப்புப் பாடநூலில் 2019-லேயே ஆணும் பெண்ணும் சேர்ந்தமர்ந்து காய்கறி ஆய்கிறார்கள். படம் ஒன்றுதான், ஆனால், பார்க்கும் பிள்ளைக்கு ஏழெட்டு வயது. சமூக நீதியில் முன்னோடி என்று பெருமை பேசும் தமிழ்நாடு, தன் தொடக்கப் பள்ளிப் பாடநூல்களின் படங்களையும் கணக்குப் பாட உதாரணங்களையும் இந்த நோக்கில் ஒருமுறை முழுமையாக ஆய்வு செய்து, அடுத்த பதிப்பிலேயே திருத்த வேண்டும்.

தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள்: தியாகத்தைக் கதையாக்குவதை நிறுத்திவிட்டு, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவும் ஆணை ஒரு தொடரிலாவது சாதாரண மனிதராகக் காட்டுங்கள். அவருக்குப் பின்னணி இசையும் வேண்டாம், பாராட்டு வசனமும் வேண்டாம். ஆண் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: மனைவிக்கு ‘உதவி செய்கிறேன்’ என்ற பேச்சை விடுங்கள். வீடு இருவருக்கும் உரியது. அதன் வேலையும் இருவருக்கும் உரியதே.