ரீடிங்கை ‘அட்ஜஸ்ட்’ பண்ணாதீங்க... அதற்குள் ஒரு கருந்துளை இருக்கலாம்!

– மூன்றாமாண்டு சிவில் மாணவன்



‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இந்தப் பழமொழியையே தொழிலாக வைத்துக்கொண்டு வானத்தில் ஒரு வேலை நடக்கிறது. வெளிச்சமே விடாத ஒன்றை, எந்த டெலஸ்கோப்பிலும் புள்ளியாகக்கூட விழாத ஒன்றை, வெறுமனே அளந்து அளந்தே பிடிக்கிறார்கள். அதற்குப் பெயர் உறங்கும் கருந்துளை.

அதைப் பிடித்த கதையை முதலில் சொல்கிறேன். அப்புறம் நம்ம லேபில் நடக்கிற ஒரு சமாச்சாரத்தைப் பற்றி என் கருத்தையும் சொல்லி விடுகிறேன். கோபப்படாமல் கடைசி வரை படியுங்கள்.

சத்தம் போடும் திருடன், சத்தம் போடாத திருடன்

மிகப் பெரிய நட்சத்திரம் ஒன்று எரிபொருள் தீர்ந்ததும், தன் எடையைத் தானே தாங்க முடியாமல் உள்ளுக்குள் இடிந்து விழுகிறது. அதன் ஈர்ப்பிலிருந்து ஒளிகூடத் தப்ப முடியாத நிலை வந்தால் அதுதான் கருந்துளை.

இதில் சில, பக்கத்திலிருக்கும் நட்சத்திரத்தின் வாயுவை உறிஞ்சிச் சாப்பிடுகின்றன. உள்ளே விழும் வாயு பல லட்சம் டிகிரி சூடாகி எக்ஸ்-ரே கதிரைக் கக்கும். 1964-ல் ராக்கெட் மூலம் கண்ட சிக்னஸ் எக்ஸ்-1 இந்த வகை. பாத்திரத்தை உருட்டிச் சத்தம் போட்டு மாட்டிக்கொள்ளும் திருடன் மாதிரி!

ஆனால் நம் பால்வீதியில் பத்துக் கோடி கருந்துளைகள் இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. எக்ஸ்-ரேயால் மாட்டி, எடையும் போடப்பட்டவை சுமார் இருபதுதான். மற்றவை எல்லாம் எங்கே? சாப்பாடு கிடைக்காமல் இருட்டில் சும்மா தூங்குகின்றன. சத்தம் போடாத திருடனை எப்படிப் பிடிப்பது?

தட்டாமாலை

வழியை 1783-லேயே ஒருவர் சொல்லிவிட்டார். ஜான் மிச்சல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். ஒளியே வெளிவராத அளவுக்குப் பெரிய பொருள்கள் இருக்கக்கூடும். அவற்றை நேரே பார்க்க முடியாது. ஆனால் அவற்றைச் சுற்றி வரும் ஒளியுள்ள பொருள்களின் நகர்வை வைத்து அவை இருப்பதை ஊகிக்கலாம் என்று எழுதினார்.

சின்ன வயதில் தட்டாமாலை சுற்றியிருப்பீர்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போன ராத்திரி. கன்னங்கரேல் என்று உடுத்திய குண்டு அண்ணன் ஒருவன், வெள்ளைச் சட்டை போட்ட சின்னத் தம்பி ஒருவன், இருவரும் கைகோத்துச் சுற்றுகிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கும் உங்களுக்கு அண்ணன் தெரியமாட்டான். வெள்ளைச் சட்டை மட்டும் வட்டம் போடும். ஆள் இல்லாமல் ஒரு சட்டை தானாக வட்டம் போடுமா? எவ்வளவு பெரிய வட்டம், எவ்வளவு வேகம் என்று அளந்தால், மறுகையைப் பிடித்திருப்பவன் எவ்வளவு கனம் என்றே சொல்லிவிடலாம். இன்னொன்றையும் ஞாபகம் வையுங்கள். கனமானவன் கொஞ்சமாகத்தான் அசைவான். லேசானவன்தான் பெரிய வட்டம் போடுவான். இது பின்னால் தேவைப்படும்.

கழித்த பிறகு மிஞ்சுவது

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2013 டிசம்பர் 19 அன்று கையா என்ற விண்கலத்தை அனுப்பியது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோ மீட்டர் தொலைவில் நின்றுகொண்டு, 2025 ஜனவரி 15 வரை அது செய்தது ஒரே வேலை. நட்சத்திரங்களின் இடத்தை அளப்பது. மறுபடியும் அளப்பது. மறுபடியும் மறுபடியும் அளப்பது! சுமார் 200 கோடி நட்சத்திரங்கள். மூன்று லட்சம் கோடிக்கு மேற்பட்ட ரீடிங்குகள். பிரகாசமான நட்சத்திரங்களில் அதன் நுட்பம் எவ்வளவு தெரியுமா? ஆயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு தலைமுடியின் தடிமன் அளவு. நம்ம தியோடலைட்டில் 20 விநாடிக் கோணம் படிப்பதற்கே கண்ணைச் சுருக்குகிறோம்!

ஒரு நட்சத்திரத்தின் ரீடிங்கில் இரண்டு நகர்வு எப்போதும் இருக்கும். ஒன்று, அது தன் போக்கில் நேர்கோட்டில் நகர்வது. இரண்டு, நம் பூமி சூரியனைச் சுற்றுவதால் ஆண்டுக்கு ஒருமுறை அது ஒரு சின்ன வளையம் போடுவது போலத் தெரிவது. இரண்டையும் கணக்குப் போட்டுக் கழித்துவிட வேண்டும். கழித்த பிறகு மிச்சம் ஏதும் இல்லையென்றால் அது தனி நட்சத்திரம். ஒழுங்கான ஒரு வளையம் மிஞ்சினால்... யாரோ கையைப் பிடித்துச் சுற்றுகிறார்கள்!

2022 ஜூனில் வெளிவந்த கையாவின் மூன்றாம் தொகுப்பில் இப்படி வளையம் போடும் இரட்டைகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். கரீம் எல்-பத்ரி என்ற ஆய்வாளரும் குழுவினரும் அவற்றைச் சலித்து எடுத்தார்கள். சந்தேகப்படும்படி தேறியவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். அதில் ஒன்று ஓஃபியூகஸ் மண்டலத்தில், சுமார் 1560 ஒளியாண்டு தூரத்தில், ஏறக்குறைய நம் சூரியனைப் போலவே இருந்த ஒரு சாதாரண நட்சத்திரம். அது 185.6 நாளுக்கு ஒருமுறை சுற்றிக்கொண்டிருந்தது. எதைச் சுற்றி? அந்த இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

கால்குலேட்டரை எடுங்கள்

இதை நீங்களே சரிபார்க்கலாம். வளையத்தின் கோண அளவும் நட்சத்திரத்தின் தூரமும் தெரிந்ததால், இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கணக்கிட முடிந்தது. சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தை 1 என்று வைத்தால் அது சுமார் 1.4. சுற்றும் காலம் 185.6 நாள், அதாவது 0.508 ஆண்டு. கெப்ளரின் மூன்றாம் விதி: தூரத்தின் கனத்தைக் காலத்தின் வர்க்கத்தால் வகுத்தால், சூரியன்களின் கணக்கில் மொத்த எடை வரும். 1.4-ன் கனம் 2.744. 0.508-ன் வர்க்கம் 0.258. வகுத்தால் 10.6!

தெரிகிற நட்சத்திரம் 0.93 சூரியன். அதைக் கழித்தால் சுமார் 9.7. ஆய்வாளர்கள் கொடுத்த எண் 9.6. ஒரு கால்குலேட்டரில், ஐந்து நிமிஷத்தில், ஒரு கருந்துளையை எடை போட்டுவிட்டீர்கள்!

பத்து சூரியன் எடையுள்ள சாதாரண நட்சத்திரமாக இருந்தால் அது சூரியனைவிடப் பல ஆயிரம் மடங்கு பிரகாசமாகக் கண்ணைப் பறிக்கும். செத்துப்போன வெண்குறு நட்சத்திரமோ? சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது தொடங்கிய கணக்கு அதற்கு வரம்பு கட்டியிருக்கிறது: 1.4 சூரியனுக்கு மேல் தாங்காது. நியூட்ரான் நட்சத்திரமும் இரண்டு, மூன்று சூரியனைத் தாண்டாது. மிச்சமிருப்பது கருந்துளை ஒன்றுதான்.

அத்தோடு அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. கையாவின் ரீடிங்கை நம்பி அறிக்கை விடாமல், ஹவாய்த் தீவின் ஜெமினி உள்ளிட்ட டெலஸ்கோப்புகளில் அந்த நட்சத்திரத்தின் வேகத்தைத் தனியாக அளந்தார்கள். இரண்டும் நெருங்கி வரும் முக்கியமான கட்டத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது, ஓடிப்போய் அளந்தார்கள். இடத்தை அளந்தது ஒரு கருவி, வேகத்தை அளந்தது வேறு கருவி. இரண்டு விடையும் ஒத்துப்போனது. அதற்குப் பிறகுதான் ‘கையா பிஎச்1’ என்று பெயர் வைத்தார்கள்.

2023-ல் பிஎச்2 வந்தது. 2024 ஏப்ரலில் பிஎச்3 வந்தது. அது நம் திருவோண நட்சத்திரம் இருக்கும் அக்விலா மண்டலத்தில், சுமார் 2000 ஒளியாண்டு தூரத்தில், 33 சூரியன் எடையோடு தூங்கிக்கொண்டிருந்தது. அடுத்த தொகுப்பை வெளியிடுவதற்கு முன்னால் ரீடிங்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது சிக்கியது அது. செக்கிங் வேலைதானே என்று யாரும் அலட்சியமாகத் தாண்டிப் போகவில்லை.

இதை ஆரம்பித்தவர் யார்?

மிச்சத்தை மதித்த முதல் ஆள்களில் ஒருவர் ஜெர்மனியின் பெசல். சிரியஸ் நட்சத்திரம் நேர்கோட்டில் போகாமல் லேசாக நெளிகிறது என்று கண்டு, அதற்குக் கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று இருக்கிறது என்று 1844-ல் அறிவித்தார். 1862-ல், தான் செய்த 18.5 அங்குல லென்ஸைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஆல்வன் கிரகாம் கிளார்க் என்ற அமெரிக்க லென்ஸ் தொழிலாளி அந்தத் துணையைக் கண்ணாலேயே பார்த்தார். அது கருந்துளை இல்லை, வெண்குறு நட்சத்திரம். ஆனால் வழி அதே வழிதான்.

இந்தப் பெசல் பதினாலு வயதில் ஒரு வணிக நிறுவனத்தில் வேலை பழகப் போனவர். பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது. நட்சத்திரத்தின் தூரத்தை அவர் 1838-ல் அளந்த கருவி, கண்ணாடித் தொழிலில் எடுபிடியாக இருந்து வளர்ந்த ஃபிரான்ஹோஃபர் உருவாக்கியது. “டிப்ளமோதானே...” என்று யாராவது இழுத்தால் இந்த மூன்று பேரையும் சொல்லுங்கள். கை சுத்தமாக அளக்கத் தெரிந்தவனைத் தேடித்தான் கண்டுபிடிப்பு வரும்.

அவசரத்தில் விழுந்த அடி

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2020 மே மாதம், ‘ஆயிரம் ஒளியாண்டில் கருந்துளை, இதுவே மிக அருகில் இருப்பது’ என்று எச்.ஆர். 6819 உலகமெங்கும் செய்தியானது. அங்கே ஒரு நட்சத்திரம் 40 நாளுக்கு ஒருமுறை வேகமாக ஆடியது. இன்னொன்று ஏறக்குறைய அசையாமல் நின்றது. ஆடுவதை ஆட்டி வைப்பது கருந்துளை. அசையாதது தூரத்தில் தனியாக இருக்கிறது என்றார்கள். வேறொரு குழு ஒப்புக்கொள்ளவில்லை.

தட்டாமாலையை இப்போது நினையுங்கள். ஆடும் நட்சத்திரம் தன் மேல்தோலைப் பறிகொடுத்து லேசாகிவிட்டது. அதனால்தான் அவ்வளவு ஆட்டம். அசையாமல் நிற்பதே கனமான அண்ணன்! எதிரும் புதிருமாக இருந்த இரு குழுவும் ஒன்றாகச் சேர்ந்து, சிலி நாட்டில் இன்னும் கூர்மையான கருவிகளால் அளந்தார்கள். அங்கே கருந்துளை இல்லை என்று 2022-ல் சேர்ந்தே அறிவித்தார்கள். தாங்கள் சொன்னதைத் தாங்களே மாற்றிச் சொன்னதில் அந்த முதல் குழுவுக்கு மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை.

இப்போது நம்ம லேபுக்கு வருவோம்

“மாப்ளே, உன் அப்சர்வேஷன் நோட்டைக் கொஞ்சம் குடுடா!” இந்தக் குரல் கேட்காத லேப் உண்டா? ஊசல் சோதனையில் 9.81 வர வேண்டும் என்று விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதுகிறார்கள் பலர். லெவலிங் முடித்துக் கிளம்பின பெஞ்ச் மார்க்குக்கே திரும்பினால் 15 மில்லி மீட்டர் இடிக்கிறது. உடனே நடுவில் ஏதோ ஒரு ஃபோர் சைட்டை ரப்பர் வைத்துத் திருத்திவிட்டால் சுபம்! எக்ஸ்டெர்னலும் டிக் அடித்துவிடுவார்.

ஆனால் அந்த 15 மில்லி மீட்டர் எங்கிருந்து வந்தது? ஸ்டாஃப் சாய்ந்ததா? ட்ரைபாட் கால் மண்ணில் இறங்கியதா? கருவியின் பார்வைக் கோடே கோணலா? இதைச் சொல்லத்தான் அந்த மிச்சம் வந்தது. அதை அழித்தவன் பிழையை அழிக்கவில்லை, தகவலை அழித்துவிட்டான். பெசல் சிரியஸின் நெளிவை ரப்பரால் அழித்திருந்தால்? கையா குழு வளையத்தை ‘கருவி கோளாறு’ என்று தள்ளியிருந்தால்? இருட்டில் இருக்கும் அண்ணன் இருட்டிலேயே இருந்திருப்பான்.

“கருந்துளை சோறு போடுமாடா?” என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. நாளைக்கு நாம் போகப்போவது சைட்டுக்கும் ஷாப் ஃப்ளோருக்கும்தான். அங்கே விடை எழுதிய புத்தகம் கிடையாது. கான்கிரீட் க்யூப் குறைந்த பலம் காட்டினால், ஷாஃப்ட் வழக்கத்தைவிட அதிர்ந்தால், மெக்கர் முள் இறங்கினால், அந்த ஒத்துப்போகாத ரீடிங்தான் ஒரே எச்சரிக்கை. மூன்று வருஷம் அதை அழித்துப் பழகிய கை, அங்கே போய் மட்டும் திருந்துமா? அங்கே அழிந்தால் போவது மார்க் இல்லை, ஆள்!

ஒரு கோரிக்கை

பழியை மாணவன் தலையில் மட்டும் போட மாட்டேன். சரியான விடைக்கு மட்டும் மார்க் என்றால் எல்லாரும் சரியான விடையைத்தான் தயாரிப்பார்கள். ஆகவே நம் பேரவை ஆசிரியர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒவ்வொரு சோதனையின் கடைசியிலும் ‘மிச்சம் எவ்வளவு, காரணம் என்ன’ என்று நாலு வரி எழுத இடம் கொடுங்கள். அதற்குத் தனியாக மார்க் போடுங்கள். 9.4 வந்தவன் 9.4 என்று எழுதி, ஏன் என்றும் சொன்னால், 9.81 என்று ஜோடித்தவனைவிட அவனுக்கு ஒரு மார்க்காவது கூடக் கிடைக்கட்டும்.

இதற்குப் பணம் வேண்டாம், புதுக் கருவி வேண்டாம், சர்க்கார் ஆர்டரும் வேண்டாம். ஜூனியர் தம்பி தங்கைகளே, இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது நாங்கள் கிளம்பியிருப்போம். அடுத்த லேப் வகுப்பில் ரீடிங் ஒத்துவரவில்லை என்றால் ரப்பரைத் தேடாதீர்கள். இன்னொரு தடவை அளந்து பாருங்கள். அப்போதும் ஒத்துவரவில்லையா? அப்படியே எழுதுங்கள். தெரியாத ஏதோ ஒன்று உங்கள் கையைப் பிடித்து இழுக்கிறது என்று அர்த்தம்!