எரித்தவர்களும் எடைக்கு விற்றவர்களும்

ஒவ்வோராண்டும் ஜூன் முதலாந் திகதி நெருங்கினால் நம்மவர்கள் பேனாவைக் கையில் எடுத்துவிடுவார்கள். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததையும், ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானதையும், அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகம் கொளுத்தப்பட்டதையும் எழுதுவார்கள். நானும் பலமுறை எழுதியிருக்கிறேன். எழுதத்தான் வேண்டும். ஆனால், மிஞ்சிய கடதாசிகளை நாம் என்ன செய்தோம் என்று எழுத எவருக்கும் மனம் வருவதில்லை.

என்னிலிருந்தே தொடங்குகிறேன். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் பணியாற்றிய பத்திரிகையொன்று இடம் மாறியது. மேசைகள் வந்தன, கதிரைகள் வந்தன. கட்டிவைத்திருந்த பழைய பத்திரிகைக் கோவைகள் வரவில்லை. அவை எடைக்குப் போயின. லொறியில் ஏற்றும்போது நானும் வாசலில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

இப்போது விடயத்துக்கு வருகிறேன். நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் 2005 இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்டது. பெரிய நூல்களோடு கோயில் கும்பாபிஷேக மலர்களையும், பாடசாலை மலர்களையும், துண்டுப்பிரசுரங்களையும் அவர்கள் மின்வருடிப் பொதுவில் வைக்கிறார்கள். இதைக் கண்டு முகஞ்சுளிக்கும் படித்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும். "குப்பைகளை ஏன் சேர்க்கிறார்கள்? தரமானவற்றைத் தெரிந்தெடுக்கக் கூடாதா?" என்பது அவர்களது கேள்வி.

தெரிந்தெடுப்பது யார் ஐயா? அரசர்களின் வரலாறு வேண்டுமென்றால் முதலியார் இராசநாயகம் 1926 இல் எழுதிய நூல் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பாடசாலைக்குக் காணி கொடுத்தவர் யார், வாசிகசாலை எந்த மதகடியில் இருந்தது, ஊரிலிருந்து மலாயாவுக்குப் போய் றெயில்வேயில் வேலை செய்தவர்கள் யார் யார் என்பதெல்லாம் அதில் இல்லை. சனசமூக நிலையத்தின் ஆண்டறிக்கையில் இருக்கும். கல்வெட்டில் இருக்கும். (வெளியூர் வாசகர்களுக்கு: யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டியது மட்டுமல்ல. ஒருவர் இறந்து 31 ஆம் நாள் அந்தியேட்டியன்று உறவினருக்குக் கொடுக்கும் சிறு நூலையும் அப்படித்தான் சொல்வோம்.) அதிலுள்ள தேவாரத்தைப் பாடி முடித்ததும் பந்திக்கு எழும்பிவிடுகிறோம். நூல் கதிரையிலேயே கிடக்கும்.

1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். போர் முடிந்த பின்னர் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, திரும்பிப் போனவர்கள் பலருக்கு வேலியுமில்லை, வீடுமில்லை, எல்லை காட்ட ஒரு பனையுமில்லை. அப்படியான ஓர் ஊரின் பாடசாலைப் படம் ரொறன்ரோவில் ஒருவரின் பெட்டிக்குள் கிடக்கும் மலரில் இருக்கக்கூடும். அதைக் குப்பை என்று அந்த ஊரவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

சேர்ப்பது மட்டும் போதாது, பகிரவும் வேண்டும். அரச காப்பகமொன்றில் ஒரேயொரு பழைய பத்திரிகைப் பக்கத்தைப் பார்ப்பதற்காக நான் மூன்று நாள் அலைந்தேன். முதல் நாள் கடிதம் கேட்டார்கள், இரண்டாம் நாள் அக்கடிதத்திற்கு மேலதிகாரியின் ஒப்பம் கேட்டார்கள், மூன்றாம் நாள் ஒப்பமிடுபவர் லீவு. பத்திரிகையாளனுக்கே இந்தக் கதி என்றால், கிளிநொச்சியிலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு விவசாயியின் மகளுக்கு என்ன கதி?

அரசை மட்டும் குறைசொல்லவும் முடியாது. நமது சேகரிப்பாளர்கள் சிலர் அரசையும் மிஞ்சியவர்கள். பிரதியெடுக்க இரவல் கேட்டால், "நான் ஒரு நூல் எழுதப்போகிறேன், அதன்பிறகு பார்ப்போம்" என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இருபது வருடமாக இதையே சொன்னார். அவர் காலமாகி, பிள்ளைகள் வந்து அலுமாரியைத் திறந்தபோது எழுதி முடித்திருந்தது கறையான்.

எதிர்த்தரப்பின் ஒரு வாதத்தை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன். மலரும் கல்வெட்டும் அச்சுக்குக் கொடுக்க வசதியிருந்தவர்களின் வரலாறுதான். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடும்படி கேட்டு நின்றவர்களில் எத்தனைபேரின் வீட்டில் கல்வெட்டு அடித்திருப்பார்கள்? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் எந்த மலரைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்? ஆகவே அச்சிட்டதை விட்டுவிடுவோம் என்பதல்ல இதற்கு விடை. ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களிடம் போகவேண்டும், அதுவும் உடனே போகவேண்டும். 1968 இல் இருபது வயதாக இருந்தவர் இன்று எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார்.

கோபுரத்துக்கு வர்ணம் பூச வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தைப் பற்றி இங்கே எழுதினால் சண்டைக்கு வருவீர்கள். ஆனால் அதே கும்பாபிஷேகத்தின் மலரில் ஒரு பிரதியைக் காப்பகத்திற்கு அனுப்பத் தபால் செலவு எவ்வளவு என்று விழாக்குழுவிடம் யாராவது கேட்டீர்களா?

போன மாதம் எங்கள் வீட்டு அலுமாரியைக் குடைந்து, பெரியப்பாவின் கல்வெட்டையும் இரண்டு பாடசாலை மலர்களையும் மின்வருடும் பிள்ளைகளிடம் கொடுத்தேன். ஐந்தாம் நாள் பத்திரமாகத் திரும்பி வந்தன. கல்வெட்டில் பெரியப்பாவின் தகப்பனார் பெயர் இருந்த பக்கத்தை மட்டும் அவர்களால் எடுக்க முடியவில்லை. அதைக் கறையான் முன்னரே தின்றுவிட்டிருந்தது.