தீர்ப்பு நீதிபதியின் கையில் இருக்கட்டும்
நீதிமன்றங்களில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதற்கான எல்லையை நாடாளுமன்றம் சட்டமாகவே வகுக்க வேண்டும். தீர்ப்புக்கும் முடிவுகளுக்கும் அதைப் பயன்படுத்தக் கூடாதென 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் வகுத்த கொள்கை வரவேற்கத்தக்கது. ஆனால், அது அம்மாநிலத்தின் மாவட்ட நீதித் துறையை மட்டுமே கட்டுப்படுத்தும். நிலுவை வழக்குகளைக் காட்டி இயந்திரத்துக்குப் பரிந்து பேசுவோர் உண்டு. துணைக் கருவியாக அது இருக்கலாம்; மொழிபெயர்ப்புக்கு உச்ச நீதிமன்றம் 2019 முதல் ‘சுவாஸ்’ என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளைப் பயன்படுத்துவதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால், நியூயார்க்கில் நடந்தது வேறு. சாட்ஜிபிடி புனைந்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 2023-இல் 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. எதிர்த்தரப்பு தேடிப் பார்த்ததால் குட்டு வெளிப்பட்டது. வக்கீல் வைக்க வசதியற்ற விசாரணைக் கைதிக்காக யார் தேடுவார்கள்? எந்தக் கருவி எதற்குப் பயன்பட்டது என்பதை இரு தரப்புக்கும் தெரிவிப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். அதை மறைத்துப் பிறப்பிக்கப்படும் உத்தரவு செல்லாது என்றும் சட்டம் சொல்ல வேண்டும்.