படிப்பு இலவசம், பூட்டு மட்டும் பன்னிரண்டு இலட்சம்

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. இந்தச் செய்தி இப்போது அயோத்தியாப்பட்டணம் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியிலும் சேலத்துத் தனியார் கல்லூரிகளிலும் படித்து முடித்த நம் பிள்ளைகள், தறி ஓட்டுகிறவர் மகனும் செங்கல் சூளைக்குப் போகிறவர் மகளும், "கட்டணம் இல்லையாமே, நாங்களும் போகலாமா?" என்று கேட்டு வருகிறார்கள். மதிப்பெண் இருக்கிறது. ஆங்கிலத் தேர்வு எழுதிவிட்டார்கள். சிலரிடம் சேர்க்கைக் கடிதமே இருக்கிறது. அதற்கு மேல் ஒரு படி இருக்கிறது. அந்தப் படியில்தான் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். அதைப் பற்றி நம் இயக்கங்கள் இதுவரை அதிகம் பேசவில்லை. இனிப் பேச வேண்டும்.

அந்தப் படியின் பெயர் பிளாக்டு அக்கவுண்ட். ஜெர்மனியில் இன்னும் கால் வைக்காத ஒருவர், அந்த நாட்டில் குடியிருப்பு இல்லாதவராக இங்கிருந்தே திறக்க வேண்டிய வங்கிக் கணக்கு அது. ஓராண்டுச் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான பணத்தை முழுவதுமாக அதில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். போட்டதற்கான சான்றிதழைக் காட்டினால்தான் மாணவர் விசா. அங்கே போய்ச் சேர்ந்து, முகவரியைப் பதிவுசெய்து, சாதாரணக் கணக்கு ஒன்றைத் தொடங்கிய பிறகு, பூட்டிய கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ வீதம் அதற்கு வரும். 12 மாதத்துக்கு 11,904 யூரோ. இது 2024 செப்டம்பர் முதல் உள்ள தொகை. 2019 செப்டம்பருக்கு முன் 8,640 யூரோவாக இருந்தது. கணக்குப் போட எளிதாக ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 11 இலட்சத்து 90 ஆயிரம் ரூபாய்.

இதற்கு முன்பே கல்விச் சான்றுகளைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு 18,000 ரூபாய் கட்டியாக வேண்டும். இந்திய மாணவர்களுக்கு இது 2022 நவம்பர் முதல் கட்டாயம். விசாக் கட்டணம் 75 யூரோ. விமானச் சீட்டு தனி. அதையெல்லாம் சீட்டுப் பணம் எடுத்தோ, தோட்டை அடகு வைத்தோ புரட்டிவிடுகிறார்கள் நம் தாய்மார்கள். பன்னிரண்டு இலட்சத்தை எந்தத் தோட்டை வைத்துப் புரட்டுவது?

ஜெர்மன் அரசைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. வந்த மாணவர் பட்டினி கிடக்கக் கூடாது, வாடகை கட்ட முடியாமல் தெருவுக்கு வரக் கூடாது என்பதற்காக அவர்கள் வைத்த விதி அது. எல்லா நாட்டு மாணவருக்கும் பொதுவான விதி. ஆனால் பொதுவான விதி, சமமில்லாத வீடுகளின் மேல் வந்து விழும்போது என்ன ஆகிறது என்பதை நாம் பார்க்க வேண்டும். அந்தப் படிவம் சாதியைக் கேட்பதில்லை. சொத்தைத்தான் கேட்கிறது. இந்த நாட்டில் சொத்து யாரிடம் எப்படிச் சேர்ந்தது என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஊருக்குள் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் படியைத் தாண்ட மூன்று வழிகள் உண்டு. அப்பா வைப்புநிதியை உடைப்பார். இல்லையென்றால் தோட்டத்தை வங்கியில் அடமானம் வைப்பார். அதுவும் இல்லையென்றால் ஜெர்மனியிலேயே வேலை பார்க்கும் சித்தப்பாவோ மாமாவோ "இவன் செலவுக்கு நான் பொறுப்பு" என்று அங்குள்ள அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பார். அப்படி எழுதிக் கொடுத்தால் பிளாக்டு அக்கவுண்டே தேவையில்லை. விதியே அதை அனுமதிக்கிறது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் முதல் பட்டதாரி. அவர்களுக்கு முனிச்சில் மாமா இல்லை. சேலம் டவுனில் கூட ஒரு மாமா சொந்த வீட்டில் இல்லை.

"கல்விக் கடன் வாங்க வேண்டியதுதானே?" என்று கேட்பார்கள். வாங்கலாம். விதியைப் பாருங்கள். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 7.5 இலட்சம் ரூபாய் வரைக்கும்தான் சொத்துப் பிணை கேட்கக் கூடாது. அதற்கு மேல் போனால் பிணை வேண்டும். பிளாக்டு அக்கவுண்ட் ஒன்றே பன்னிரண்டு இலட்சத்தைத் தொடுகிறது. அதாவது, பிணையில்லாக் கடன் எங்கே முடிகிறதோ அதற்கும் நமக்கு வேண்டிய தொகைக்கும் நடுவே நாலரை இலட்சம் ரூபாய்ப் பள்ளம் இருக்கிறது. 2024 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் பிணையில்லாக் கடன் உண்டு; ஆனால் அது இந்தியாவில் உள்ள கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்.

சரி, பிணை கொடுக்கலாம் என்றால் எதைக் கொடுப்பது? நம் குடியிருப்புகளில் பல குடும்பங்களின் ஒரே சொத்து, ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த வீட்டுமனை. விற்கக் கூடாது, மாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்த பட்டா. பலருக்குப் பட்டா கையில் இருக்கிறது, கிராமக் கணக்கில் ஏறவில்லை. இணையத்தில் தேடினால் வேறு பெயர் வருகிறது. சேலத்தில் ஒரு வங்கிக் கிளைக்கு ஒரு மாணவியோடும் அவர் தந்தையோடும் நாங்கள் போயிருந்தோம். பட்டாவைப் புரட்டிப் பார்த்த அதிகாரி, "இது செல்லாதுங்க, வேற ஏதாவது நிலம் இருந்தா கொண்டுவாங்க" என்றார். வேறு நிலம் இருந்திருந்தால் அந்தத் தந்தை ஏன் சூளையில் கல் அறுக்கிறார்?

வேறு நிலம் ஒரு காலத்தில் கொடுக்கப்பட்டதும் உண்டு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்ததுதான் பஞ்சமி நில ஆணை. நம் மக்களைத் தவிர வேறு யாருக்கும் கைமாறக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம். அந்த நிலம் இன்று யார் யார் கையில் இருக்கிறது என்பதை மீட்புப் போராட்டங்கள் நடத்திய தோழர்கள் அறிவார்கள். 130 ஆண்டுகளுக்கு முன் கொடுத்த நிலம் கையில் தங்கியிருந்தால், இன்று ஒரு பேத்தியின் பிணைக்கு அது போதும். வங்கி கேட்கும் "வேற நிலம்" பறிபோன கதைதான் விசா அலுவலகத்தில் "போதுமான நிதி இல்லை" என்ற ஒரு வரியாக முடிகிறது.

அரசு உதவித்தொகைகள் இல்லையா? இருக்கின்றன. ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில் நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 125 இடம், அதில் பட்டியல் சாதியினருக்கு 115. கியூ.எஸ். தரவரிசையில் முதல் 500க்குள் உள்ள பல்கலைக்கழகமாக இருக்க வேண்டும். ஜெர்மனியில் தொழிற்சாலைகளோடு சேர்ந்து பாடம் நடத்தும் பயன்பாட்டு அறிவியல் கல்லூரிகள் நம் பொறியியல் பிள்ளைகளுக்கு மிகவும் பொருத்தமானவை. அவை பெரும்பாலும் அந்தப் பட்டியலிலேயே வராது. பட்டியலுக்குள் வந்து, தேர்வாகி, பெயர் வெளியான பிறகும் நிம்மதி இல்லை. 2025 ஜூலையில் தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் ஆணை கொடுத்தார்கள். மற்ற 66 பேருக்கு நிதி இருந்தால் தருகிறோம் என்றார்கள். பல்கலைக்கழகம் காத்திருக்குமா? விசாத் தேதி காத்திருக்குமா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2014–15இல் ஒன்றிய அரசு வெளிநாட்டுப் படிப்புக் கடனுக்கு வட்டி மானியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதற்கு டாக்டர் அம்பேத்கர் பெயர். அந்த மானியம் பிற்படுத்தப்பட்டோருக்கும் பொருளாதாரத்தில் பின்தங்கியோருக்கும் உரியதாக இருந்தது. அவர்களுக்குக் கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அண்ணலின் பெயர் தாங்கிய திட்டத்தில் பட்டியல் சாதிப் பிள்ளைக்கு இடமில்லாமல் போனதை என்னவென்று சொல்ல?

தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 36 இலட்சம் ரூபாய் வரை தருகிறது. கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடரையும் அது சேர்த்துக்கொள்கிறது. ஒன்றியத் திட்டத்தில் அவர்களுக்கு வாசலே இல்லை. இந்தத் திட்டத்தை நாம் மனதார வரவேற்கிறோம். ஆனால் பணம் வரும் நாளும் பணம் வேண்டிய நாளும் ஒன்றாக இருக்க வேண்டும். பிளாக்டு அக்கவுண்டில் பணம் விசாவுக்கு முன்பே இருக்க வேண்டும். ஆணை தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் பிள்ளையின் தந்தை வட்டிக்காரர் வீட்டு வாசலில் நிற்கிறார். "ரெண்டு மாசத்துக்குக் காட்டித் தர்றோம்" என்று சொல்லும் தரகர்கள் பெருகிவிட்டார்கள். பூட்டிய பணம் மாதம் 992 யூரோவாகத்தான் வெளியே வரும். வட்டி முழுத்தொகைக்கும் முதல் நாளிலிருந்தே ஓடும். இதைப் பிள்ளைகளும் பெற்றோரும் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

நம்மவர்களிலேயே சிலர் கேட்கிறார்கள்: "இங்கே விடுதியில் கழிப்பறைக் கதவு இல்லை, நீங்கள் ஜெர்மனியைப் பற்றிப் பேசுகிறீர்களே?" நியாயமான கேள்வி. விடுதிக் கதவுக்காகவும் நாம்தான் ஆட்சியர் அலுவலகத்தில் நிற்கிறோம், நிற்போம். ஆனால் ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றைக் கேட்காதே என்று சொல்லும் வழக்கத்தை நாம் ஏற்கக் கூடாது. ஊர்ப் பிள்ளைக்குப் பள்ளியும் வேண்டும், முனிச்சும் வேண்டும். சேரிப் பிள்ளைக்கு மட்டும் ஏதாவது ஒன்றா? இன்று ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே அதிகம். 2023–24 குளிர்காலப் பருவத்தில் ஏறத்தாழ 49,000 பேர். அவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

அண்ணல் 1913இல் கொலம்பியாவுக்குப் போனது பரோடா மன்னர் மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்றாண்டுகளுக்குக் கொடுத்த உதவித்தொகையில். இலண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது அந்த உதவி முடிந்தது. 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பம்பாயில் பேராசிரியர் வேலை பார்த்துச் சேர்த்த பணம், கோலாப்பூர் சாகு மகராஜின் உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடன், இவற்றோடு 1920இல் மறுபடியும் கப்பலேறினார். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்திலும் பெயரைப் பதிவுசெய்தார். 1923இல் ரூபாயின் பிரச்சினை குறித்த அவருடைய நூல் வெளிவந்தது. ஓராண்டுச் செலவை முன்கூட்டியே கட்டிப் பூட்டு என்று அன்று கேட்டிருந்தால் அவர் எந்த நிலத்தை அடமானம் வைத்திருப்பார்? அன்று ஒரு மன்னரின் மனம் செய்ததை இன்று ஓர் அரசாணை செய்ய வேண்டும். தயவைத் திட்டமாக மாற்றுவதற்குத்தானே அவர் அரசியல் சட்டம் எழுதினார்?

ஆகவே நம் கோரிக்கைகள் இவை.

ஒன்று: சேர்க்கைக் கடிதமும் சாதிச் சான்றும் உள்ள பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்குப் பிளாக்டு அக்கவுண்ட் தொகையைத் தாட்கோ சொத்துப் பிணையின்றிக் கடனாகத் தர வேண்டும். அரசே உத்தரவாதம் நிற்கட்டும். 2024இல் தமிழ்நாடு இயற்றிய பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் இருக்கிறது. அதற்கான நிதி திரும்பிப் போகாமல் இருக்க இது ஒரு நல்ல வழி.

இரண்டு: அங்கீகரிக்கப்பட்ட உதவித்தொகை இருந்தால் ஜெர்மனி பிளாக்டு அக்கவுண்ட் கேட்பதில்லை. தமிழ்நாடு அரசு ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி.யோடு பேசி, நம் அரசின் உதவித்தொகை ஆணையையே நிதிச் சான்றாக ஏற்கச் செய்ய வேண்டும். ஒரு கடிதம் பன்னிரண்டு இலட்சத்தை மிச்சப்படுத்தும்.

மூன்று: தேர்வான எல்லோருக்கும் ஒன்றிய அரசு ஆணை தர வேண்டும். "நிதி இருந்தால்" என்ற சொல்லை நீக்க வேண்டும்.

நான்கு: நலத்துறை கொடுத்த மனைகளைக் கிராமக் கணக்கில் ஏற்றும் வேலையை அயோத்தியாப்பட்டணம் பகுதியில் உடனே முடிக்க வேண்டும், கல்விக் கடனுக்கு அவற்றைப் பிணையாக ஏற்க வழி செய்ய வேண்டும்.

பிள்ளைகளுக்குச் சில சொற்கள். பான் கார்டை இப்போதே எடுத்துவிடுங்கள். அது இல்லாமல் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப முடியாது. ஆண்டுக்கு 10 இலட்சத்துக்கு மேல் சொந்தப் பணத்தை அனுப்பினால் மேல்தொகைக்கு வரி முன்கூட்டிப் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்கும். வங்கிக் கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் அந்தப் பிடித்தம் இல்லை. போன பிறகு இங்குள்ள சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக மாற்ற வேண்டும். வங்கியில் வாய்ச்சொல்லாக மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தந்தால் அந்தத் தாளோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு வாருங்கள், நாங்களும் வருகிறோம். மனு கொடுத்தவர் தனி ஆளாக இருந்தால் மனு கோப்பில் தூங்கும். இருபது குடும்பம் சேர்ந்து போனால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரை அழைத்துப் பேசாமல் இருக்க முடியாது.

வரும் பருவத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் உங்கள் குடியிருப்பில் இருந்தால் பெயர்களைச் சேகரித்து வையுங்கள், தோழர்களே. எண்ணிக்கை இல்லாமல் அரசிடம் பேச முடியாது.

ஜெய்பீம்.