விடைபெற்ற பின்னும் வளர்ந்த கல்லூரி

மே மாதம் பிறந்துவிட்டால் பங்குகளில் மாறுதல் காலம். ஓரிடத்தில் பிரியாவிடைக் கூட்டம். அடுத்த இடத்தில் வரவேற்பு விழா. தோரணம், மாலை, பொன்னாடை, சட்டமிட்ட வாழ்த்து மடல், பாலர் சபைச் சிறுமியரின் பாட்டு யாவும் முறைப்படி நடந்தேறுகின்றன. வடிகின்ற கண்ணீரும் பொய்யன்று. ஆயினும் ஓராண்டு சென்ற பின்னர், விடைபெற்றுப் போன குருவானவர் தொடங்கி வைத்த பணிகளுள் எவை எஞ்சியிருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்போர் நம்மில் எத்தனை பேர்?

நாம் நன்கறிந்த ஒரு பங்கில் இரவுப் பள்ளி ஒன்று நடந்து வந்தது. பகலெல்லாம் ஆலையிலும் கட்டட வேலையிலும் உழைத்தவர்கள், கை கால் கழுவிக்கொண்டு மாலை ஏழரை மணிக்கு வந்து அமர்வார்கள். கையெழுத்துப் போடத் தெரியாமல் சம்பளப் பட்டியலில் பெருவிரலை உருட்டியவர்கள் செய்தித்தாள் படிக்கும் அளவுக்கு முன்னேறினார்கள். பங்குத்தந்தை மாறிச் சென்றார். பிரியாவிடைக் கூட்டத்தில் அப்பள்ளியைப் புகழாத பேச்சாளர் இல்லை; நாமும் புகழ்ந்தோம். அடுத்த மாதம் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்றே தெரியவில்லை. மறு ஆண்டு திருவிழாவுக்கு அந்தப் பெஞ்சுகள் பந்தலுக்குச் சென்றன, திரும்பி வரவில்லை. பள்ளி தானாக இறந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில் அதைச் சாகவிட்டவர்கள் நாமே.

இந்த உறுத்தல் எழும்போதெல்லாம், உழைக்கும் முதியோருக்குக் கல்வி அளித்த ஒரு மறைமாவட்டக் கல்லூரியின் வரலாறு நம் நினைவுக்கு வருகிறது. அக்கல்லூரி கனடா நாட்டின் கீழைக் கடற்கரையில், நோவா ஸ்கோஷியா மாநிலத்தில், ஆன்டிகோனிஷ் என்னும் சிற்றூரில் உள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் கல்லூரி. 1853-இல் தொடங்கப்பெற்ற அக்கல்வி நிலையம் பிற்காலத்தில் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. நம் நாட்டில் மறை பரப்பிய புனிதரின் பெயரை அது தாங்கி நிற்பது நமக்கு ஒரு சொந்தத்தையும் உண்டாக்குகிறது.

இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பகுதி மக்களின் நிலை இரங்கத்தக்கதாய் இருந்தது. உழவர், மீனவர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஆகிய மூவகையினரே பெரும்பான்மையோர். மீனவர் பிடித்த மீனுக்கும் சிங்கி இறாலுக்கும் விலை வைப்பவன் வியாபாரி. வலையும் உப்பும் மாவும் கடனாகத் தருபவனும் அவனே. ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் கையில் காசு இராது. கடன் மட்டும் இருக்கும். முன்பணம் கொடுத்தவருக்கே மீனைக் கொடுக்கவேண்டிய கட்டாயத்தை நம் கடலோரப் பங்கு மக்களுக்கு விளக்கவேண்டியதில்லை. இளைஞர்கள் பிழைப்புத் தேடி அமெரிக்காவின் பாஸ்டன் நகர்ப்பக்கம் வெளியேறிக்கொண்டிருந்தார்கள்.

கல்லூரியின் துணைத்தலைவராயிருந்த அருட்தந்தை ஜேம்ஸ் டொம்ப்கின்ஸ் இதைக் கண்டு மனம் அமைதி கொள்ளவில்லை. 1870-இல் பிறந்த அவர் சிறிய உருவம் உடையவர். பேச்சிலும் நடையிலும் பெருவேகம் உடையவர். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே கல்லூரி திறந்திருப்பது முறையன்று, உழைப்பவர்களிடம் அறிவைக் கொண்டுசெல்லவேண்டும் என்று 1920-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். எழுதியதோடு நின்றாரில்லை. 1921-ஆம் ஆண்டு சனவரியில், பனி மூடி வயல் வேலை ஓய்ந்திருந்த நாள்களில், மக்கள் பள்ளி என்ற பெயரில் கல்லூரியின் கதவுகளைத் திறந்துவிட்டார். நுழைவுத் தேர்வு இல்லை, சான்றிதழ் கேட்கப்படவில்லை. ஐம்பதுக்கு மேற்பட்டோர், அரும்பு மீசை இளைஞர் முதல் நரை கண்ட குடும்பத் தலைவர் வரை, வந்து சேர்ந்தார்கள். வேளாண்மை, கணக்கு, ஆங்கிலம், பொருளியல், மேடைப் பேச்சு ஆகியவற்றைக் கற்றார்கள். பகுதியெங்கும் புத்துணர்ச்சி பிறந்தது.

ஆனால் மறு ஆண்டே அவருக்கு மாறுதல் வந்தது. அப்பகுதியிலுள்ள கல்லூரிகளையெல்லாம் ஹாலிபாக்ஸ் நகரில் ஒன்றாக இணைக்கும் திட்டம் ஒன்று அப்போது எழுந்தது. டொம்ப்கின்ஸ் அதை முனைந்து ஆதரித்தார். மறைமாவட்ட ஆயர் மாரிசன் அதை ஏற்கவில்லை. கருத்து வேற்றுமை முற்றியது. 1922-ஆம் ஆண்டு இறுதியில், ஐம்பத்திரண்டு வயதில், டொம்ப்கின்ஸ் கல்லூரியை விட்டுக் கான்சோ என்னும் மீனவக் குப்பத்தின் பங்குத்தந்தையாக அனுப்பப்பட்டார். அவரது உள்ளம் நொந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. எனினும் கீழ்ப்படிந்து சென்றார். அவர் தொடங்கிய மக்கள் பள்ளியும் சில ஆண்டுகளில் நின்றது.

இத்துடன் கதை முடிந்திருந்தால், நம் இரவுப் பள்ளியின் கதைக்கும் அதற்கும் வேற்றுமை இராது. ஆனால் அக்கல்லூரியில் விதை விழுந்திருந்தது. கான்சோவிலும் டொம்ப்கின்ஸ் வாளாவிருக்கவில்லை. படகுத் துறையில் நடந்து திரிவார். கண்ட மீனவர் கையிலெல்லாம் ஒரு துண்டு நூலைத் திணிப்பார். படித்தாயா என்று அடுத்த வாரம் கேட்பார். ஏன் உங்கள் மீனுக்கு இந்த விலை என்று வினவுவார். அவ்வினா சிறிது சிறிதாக வேலை செய்தது. 1927-ஆம் ஆண்டு சூலை முதல் நாள், கனடா ஒன்றிணைந்ததன் அறுபதாம் ஆண்டு விழாவை நாடே கொண்டாடியபோது, கான்சோ மீனவர்கள் கொண்டாடுவதற்கு எமக்கு என்ன இருக்கிறது என்று கூடிப் பேசினார்கள். அந்தக் குரல் செய்தித்தாள்களுக்கு எட்டியது. குருக்கள் துணை நின்றார்கள். மீன்பிடித் தொழிலை ஆராய அரசு ஓர் ஆணைக்குழுவை அமைத்தது.

கல்லூரியினுள்ளும் பழைய மாணவரும் நண்பரும் வற்புறுத்தினர். 1928-இல் ஆயரின் இசைவோடு விரிவுப் பணித் துறை என்று ஒன்று நிறுவப்பட்டது. டொம்ப்கின்ஸை மாற்றிய அதே ஆயரே இதற்கு இசைவளித்தார் என்பதை நாம் மறத்தலாகாது. தலைவர்களுக்கிடையே வேற்றுமை எழுவது இயல்பு. நற்பணி அவ்வேற்றுமையைக் கடந்து வாழ முடியும்.

புதிய துறையின் இயக்குநராக அருட்தந்தை மோசே கோடி நியமிக்கப்பட்டார். இவர் டொம்ப்கின்ஸின் உறவினர், 1882-இல் பிறந்தவர், ஆறடிக்கு மேற்பட்ட ஆஜானுபாகு. மக்களைக் கல்லூரிக்கு அழைப்பதைவிடக் கல்லூரியே மக்களிடம் செல்வது நன்று என்று அவர் கண்டார். அவர் கையாண்ட முறை எளிது. முதலில் ஊர்ப் பொதுக்கூட்டம். உங்கள் வறுமை ஆண்டவன் விதித்ததன்று, அதை மாற்ற உங்களால் முடியும் என்று அங்கு எடுத்துரைப்பார். கூட்டத்தின் முடிவில் பத்துப் பேர் அளவில் சிறு குழுக்கள் பிரியும். அவைதாம் படிப்பு வட்டங்கள். வாரம் ஒரு நாள் யாராவது ஒருவர் வீட்டுச் சமையற்கட்டில், அடுப்பின் வெம்மையைச் சுற்றி, அவை கூடும். கல்லூரி அனுப்பிய சிறு நூலை எழுத்தறிந்தவர் உரக்க வாசிப்பார். மற்றவர் கேட்டு விவாதிப்பர். படித்ததைச் செயலாக்குவது மூன்றாம் படி. பெண்கள் தனி வட்டங்கள் அமைத்தனர். புனித மார்த்தா சபைக் கன்னியர் அவர்களுக்குத் துணை நின்றனர்.

இம்முறையின் உயிர்நாடி எது? வட்டத்தின் தலைவர் குருவானவர் அல்லர், பேராசிரியரும் அல்லர், அவ்வூர் மீனவர் அல்லது உழவர் ஒருவரே. அவர் குளிர்காலத்தில் சில வாரங்கள் கல்லூரிக்கு வந்து, கூட்டம் நடத்தவும் கணக்கு எழுதவும் பயிற்சி பெற்றுத் திரும்புவார். ஆகவே கல்லூரியின் ஆள் ஊரை விட்டுப் போனாலும் வட்டம் மறு வாரம் கூடும். பிரியும் நாளுக்கான ஆயத்தம் முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது!

பலன்கள் கண்கூடாயின. கான்சோவுக்கு அருகில் லிட்டில் டோவர் என்றொரு சிற்றூர்; பசு மேயப் புல்லும் இல்லாத பாறை நிலம். அவ்வூர் மக்கள் கூடிப் படித்தார்கள். காட்டில் மரம் வெட்டித் தம் கையாலேயே சிங்கி இறாலை டின்னில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றைக் கட்டினார்கள். குழந்தைகளின் பாலுக்கு வெள்ளாடுகளை வாங்கினார்கள். 1930-இல் கடல்சார் மாநிலங்களின் மீனவர் சங்கங்கள் ஒரு கூட்டமைப்பாயின. சிற்றூர்களில் கடன் கூட்டுறவுச் சங்கங்களும் பண்டக சாலைகளும் எழுந்தன. டொம்ப்கின்ஸ் 1935-இல் ரிசர்வ் மைன்ஸ் என்னும் சுரங்கப் பங்குக்குச் சென்று, அங்கே மக்கள் நூலகம் ஒன்றை அமைத்தார். அங்குப் பதினொரு சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் ஓராண்டுக்கு மேல் வீடு கட்டும் முறையைப் படித்து, அட்டையில் மாதிரி செய்து பார்த்து, வேலை முடிந்த நேரங்களில் தம் வீடுகளைத் தாமே கட்டிக்கொண்டன. 1938-இல் எழுந்த அக்குடியிருப்புக்கு அவர்கள் தம் பங்குத்தந்தையின் பெயரையே சூட்டினார்கள்.

அதே 1938-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதரின் பாராட்டு உரோமையிலிருந்து ஆயர் மாரிசனுக்கு வந்தது. 13-ஆம் சிங்கராயர் 1891-இல் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய திருமடல், கனடாவின் சமையற்கட்டுகளில் இவ்வாறு செயலுருப் பெற்றது.

பின்னர் மீண்டும் பிரிவுகள் வந்தன. கோடியின் வலக்கையாயிருந்த பொதுநிலையினர் ஆங்கஸ் மக்டொனால்ட், நாற்பதுகளில், கனடா முழுவதற்குமான கூட்டுறவு ஒன்றியத்தின் பணிக்குச் சென்றார். கோடியின் உடல்நலம் தளர்ந்தது. இருபத்து நான்கு ஆண்டுகள் துறையை நடத்திய அவர் 1952-இல் பொறுப்பை ஒப்படைத்தார். மறு ஆண்டு டொம்ப்கின்ஸ் இறைவனடி சேர்ந்தார். 1959 சூலையில் கோடியும் மறைந்தார். அவர் பெயர் மோசே. அந்த மோசேயைப் போலவே இவரும் தாம் நடத்தி வந்த மக்கள் இனிச் செல்லவிருக்கும் நெடுவழியைத் தொலைவிலிருந்து நோக்கியவராகவே கண்மூடினார்.

ஆனால் கல்லூரி நின்றுவிடவில்லை. அதே 1959-ஆம் ஆண்டின் இறுதியில், அவர் பெயரால் ஓர் உலகப் பயிற்சி நிலையத்தை அது நிறுவியது. ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய கண்டங்களிலிருந்து குருக்களும் கன்னியரும் பொதுநிலையினரும் அங்குச் சென்று பயின்றனர். இந்தியாவிலிருந்தும் பலர் சென்றனர். பனிக்காலத்தில் சில உழவருக்காகத் திறந்த கதவு, உலகுக்கே திறந்துவிட்டது.

எல்லாம் வெற்றியாகவே முடிந்தது என்று நாம் சொல்லவில்லை. பல கூட்டுறவுச் சங்கங்கள் காலப்போக்கில் மூடப்பட்டன. மீனவர் கூட்டமைப்பே 1980-களின் இறுதியில் நொடித்துப்போயிற்று. வாணிகம் பெருத்துப் படிப்பு வட்டம் அருகிய இடங்களில் சங்கம் வெறும் கடையாகிவிட்டது. கற்பதை நிறுத்திய நாளில் தளர்ச்சி தொடங்குகிறது என்பதும் இவ்வரலாறு தரும் பாடமே.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டுவது யாது? ஒரு தலைவரின் காலத்தில் ஒரு நிறுவனம் எவ்வளவு வளர்ந்தது என்பதை அவருடைய பிரியாவிடை நாளன்று கணக்கிட முடியாது. புதிய கட்டடங்களையும் சேர்ந்த மாணவர் தொகையையும் அன்று எண்ணிவிடலாம். ஆனால் அவர் இல்லாமல் எழுந்து நிற்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையோ பின்னரே தெரியவரும். நம் ஆண்டவரும் தம் இறுதி இரவில், தாம் செல்வது சீடர்களுக்கு நன்மையே என்றார். அவர் சென்ற பின்னரே, பூட்டிய அறைக்குள் அஞ்சியிருந்த மீன் பிடிப்போர் தெருவில் இறங்கிப் பேசினர்.

குருக்களுக்கும் துறவியருக்கும் பணிவுடன் ஒன்று கூறுவோம்: தாங்கள் தொடங்கும் பணியில் இரண்டாம் மாதமே சாவியையும் கணக்குப் புத்தகத்தையும் பங்கு மக்களிடம் கொடுத்துவிடுங்கள். அவர்கள் தவறு செய்வார்கள்; தாங்கள் அருகில் இருக்கும்போதே அத்தவறுகளைச் செய்வது நல்லது.

நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது இன்னும் கடினமானது. சாமியார் இருந்தால் நடக்கும், சாமியார் போனால் நிற்கும் என்று சொல்வது பணிவு போலத் தோன்றினாலும், உண்மையில் அது சோம்பல். அடுத்த பிரியாவிடைக் கூட்டத்தில் பொன்னாடை போர்த்துவோம், தடையில்லை. அதோடு, அவர் தொடங்கியவற்றின் பட்டியலை வாசித்து, ஒவ்வொன்றின் எதிரிலும் இனி அதை நடத்தப்போகும் மூவரின் பெயரை எழுதுவோம். விடைபெறும் குருவானவர் வண்டியேறும்போது அந்தத் தாள் அவர் கையில் இருக்கட்டும்.

நாம் அறிந்த அந்தப் பங்கில், பூட்டிய அறை இன்னும் இருக்கிறது. பூட்டு துருவேறியிருக்கும். ஆயினும் ஒரு பூட்டைத் திறக்க நமக்குப் புதிய குருவானவரின் உத்தரவு வேண்டுமா என்ன?