வயர் இல்லாத சார்ஜரும் கதிரை இல்லாத கம்பஸும்

றிச்மண்ட் ஹில்லில் எத்தனையோ தமிழ் வீடுகளில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வட்டத் தட்டு இருக்கிறது. போனை மேலே வைத்தால் சார்ஜ் ஏறும். அதை வாங்குவதற்கு யாரும் யோசிப்பதில்லை. அதே வீட்டில் "எம்.ஐ.ரி.யின்ர கணித வகுப்பு ஒன்லைனில சும்மா கிடக்குது, படிக்கப்போறன்" என்று சொல்லிப் பாருங்கள். "சும்மா குடுக்கிறதில என்ன இருக்கப்போகுது? டிகிரி தருவாங்களோ?" என்று கேள்வி வரும். இரண்டுமே தலைகீழான கணக்கு என்பதுதான் என் வாதம்.

முதலில் தட்டு. அதற்குள் ஒரு செப்புக் கம்பிச் சுருள். அதில் மின்சாரம் திசை மாறி மாறி ஓடும்போது காந்தப்புலமும் மாறும். அந்த மாற்றம் போனுக்குள் இருக்கும் சுருளில் மின்சாரத்தை உண்டாக்கும். ஃபரடே இதைக் கண்டது 1831இல். ஐபோனுக்கு வந்தது 2017இல். பெயர் வயர்லெஸ், ஆனால் தட்டிலிருந்து சுவருக்கு வயர் போகத்தான் செய்கிறது. வயரில் ஏற்றுவதைவிடக் கூடுதல் மின்சாரம் இழுக்கும், மிச்சம் சூடாகப் போகும், சூடு பற்றறிக்கு ஆகாது. 2007இல் எம்.ஐ.ரி.யில் மரின் சோல்யாச்சிச்சின் குழு இரண்டு மீற்றர் தூரத்திலிருந்து 60 வாட் பல்பை எரிய வைத்தது. போய்ச் சேர்ந்தது ஏறக்குறைய 40 சதவீதம். அழகான பரிசோதனை, அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் நாங்கள் கடையில் வாங்குவது அது இல்லை. நல்ல வயரைவிட மெதுவான ஒன்றைக் கூடுதல் விலைக்கு வாங்குகிறோம்.

இப்போது "சும்மா குடுக்கிற" படிப்புக்கு வருவோம். 2012இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹின்ரன், நரம்பு வலையமைப்புகள் பற்றிய தன் வகுப்பைக் கோர்செராவில் இலவசமாகப் போட்டார். அதே வருடம்தான் அவருடைய மாணவர்களின் நிரல் படங்களை அடையாளம் காணும் போட்டியில் வென்று, இன்றைய செயற்கை நுண்ணறிவு அலையைத் தொடக்கிவைத்தது. அந்த வகுப்பின் ஆறாவது விரிவுரையில் ஆர்எம்எஸ்புறொப் என்ற ஒரு முறையைச் சொன்னார். அதைக் கட்டுரையாக அவர் வெளியிடவே இல்லை. இன்றும் ஆராய்ச்சியாளர்கள் அதற்கு மேற்கோள் காட்டுவது அந்த இலவச வகுப்பின் ஸ்லைடைத்தான். 2024இல் அவருக்குப் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. யங் வீதியில் பஸ் ஏறி, ஃபின்ச்சில் சப்வே பிடித்தால் போய்ச் சேரக்கூடிய கம்பஸ் அது. பொறியியல் படிக்க வருடத்துக்கு 14,000 டொலருக்கு மேல். அதே கம்பஸ் பேராசிரியரின் வகுப்பு உங்கள் அறைக்கே காசில்லாமல் வந்தது.

"இலவசம் எண்டா மதிப்பில்லை" என்று சொல்வது யார் என்று பாருங்கள். இலங்கையில் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945இல் தொடங்கியது, பல்கலைக்கழகம் வரைக்கும். பேராதனையிலும் மொறட்டுவையிலும் படித்துவிட்டு இங்கே வந்த பொறியியலாளர்கள் எல்லாரும் கட்டணம் கட்டாமல் படித்தவர்கள். அங்கே பிரச்சினை காசு இல்லை, இடம். 1970களின் தொடக்கத்தில் பேராதனைப் பொறியியற்பீடத்துக்குப் போகச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளி போதும், தமிழ்மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும். தரப்படுத்தல் என்ற அந்தச் சொல்லை எங்கள் பெரியவர்கள் இன்றும் கோபம் இல்லாமல் சொல்வதில்லை. அந்தக் கோபம் நியாயமானது. அப்படியானால் வெட்டுப்புள்ளியே இல்லாத, யாரையும் கதவில் நிறுத்தாத ஒரு வகுப்பைக் கண்டால் முதலில் கைதட்ட வேண்டியவர்கள் நாங்கள் இல்லையா? நாங்களோ, எல்லாருக்கும் கிடைக்கிறது என்பதாலேயே அது மலிவு என்கிறோம்.

மறுபக்கம் தெரியாமல் இதை எழுதவில்லை. ஹாவர்ட்டும் எம்.ஐ.ரி.யும் 2012-13இல் நடத்திய முதல் 17 வகுப்புகளில் 841,687 பதிவுகள். சான்றிதழ் வாங்கியோர் 43,196. இருபதில் ஒருவர். சோம்பல் என்று சிரிக்கலாம். என்னைக் கேட்டால், நாற்பத்து மூவாயிரம் பேர் படித்து முடித்த கம்பஸ் வேறு எங்கே இருக்கிறது?

இன்னொன்று உண்மையிலேயே உறுத்துகிறது. தட்டுக்கு ஒளிந்திருக்கும் வயர் போல இந்த இலவசத்துக்கும் ஒரு வயர் உண்டு. அந்த இரண்டு பல்கலைக்கழகங்களும் தொடங்கிய எட்எக்ஸ், 2021இல் 80 கோடி அமெரிக்க டொலருக்கு ஒரு கம்பனிக்கு விற்கப்பட்டது. 2024இல் அந்தக் கம்பனி வங்குரோத்துக்கு மனுப்போட்டது. விரிவுரை இலவசம், சான்றிதழுக்குக் காசு என்பதே இப்போது வழக்கம். கிளிநொச்சியில் இருக்கும் உங்கள் மச்சாளுக்கு அந்த டொலர் கட்டணம் சின்ன விசயம் இல்லை. 2022இல் அங்கே நாளுக்கு 13 மணிநேரம் வரைக்கும் மின்வெட்டு இருந்தபோது, வயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்தச் சார்ஜரும் வேலை செய்யவில்லை. இந்த முறை ஊருக்குப் பார்சல் கட்டும்போது தட்டை வெளியே எடுத்துவிட்டு, அந்தக் காசுக்கு மச்சாளின் போனுக்கு டேற்றா போட்டுவிடுங்கள்.

டாக்டராக வேண்டும், பொறியியலாளர் லைசென்ஸ் வேண்டும் என்றால் கம்பஸ் போகத்தான் வேண்டும். அதை விடச் சொல்லவில்லை. சனிக்கிழமை ரியூசனுக்கு அம்மா கட்டும் காசில் ஒரு மாதத்தை மட்டும் நிறுத்திவைத்து, எம்.ஐ.ரி.யின் கில்பேர்ட் ஸ்ற்ராங் நடத்திய நேரியல் இயற்கணித வகுப்பை அந்த மாதம் பாருங்கள். இன்னும் இலவசமாகத்தான் இருக்கிறது. வீட்டில் சத்தம் போட்டால், பேராதனையில் படித்த மாமாவிடம் ஒரு வருடத்துக்கு எவ்வளவு ஃபீஸ் கட்டினார் என்று எல்லாருக்கும் முன்னால் கேளுங்கள்.